கீழ்மடைக்கு வந்து சேரும் சாயம்

ஒரு துணியின் அளவைக் கடைக்காரர் மீட்டரில் சொல்கிறார், ஆலைக்காரர் கிலோவில் சொல்கிறார், ஏற்றுமதியாளர் உருப்படிக் கணக்கில் சொல்கிறார். அந்தத் துணி உருவாகும்வரை எவ்வளவு நீரைக் குடித்தது, குடித்த நீரை எந்த நிலையில் எந்த ஆற்றில் விட்டது என்ற கணக்கை எழுதும் வழக்கம் ஆடைத் தொழிலில் மிகப் பிந்தியே, அதுவும் பெருமளவு நீதிமன்றங்களின் கட்டாயத்தால்தான் தோன்றியது. அந்தக் கணக்கைப் பார்க்கத் தமிழ்நாட்டில் பொருத்தமான இடங்கள் திருப்பூரும் கரூரும்தான் என்று தோன்றலாம். ஆனால் அதன் இறுதித் தொகை வந்து சேர்வது அவற்றுக்குக் கிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அமைந்திருக்கும் தீவில்.

ஐம்பூதத் தலங்களுள் திருவானைக்காவல் நீருக்குரியது. சம்புகேசுவரர் கருவறையில் லிங்கத்தைச் சுற்றி ஊற்று நீர் கசிந்துகொண்டே இருப்பதும், காவிரியில் வெள்ளம் போகும் நாட்களில் அந்தக் கசிவு மிகுவதும் ஊரார் தலைமுறைகளாகக் கண்டவை. ஆற்றுப்படுகையில் நிலத்தடி நீர்மட்டம் ஏறும்போது ஊற்று பெருகுவது நிலவியல் நோக்கிலும் இயல்பானதே. இதே கோயிலின் தலவரலாறு நூலின் கதையாகவும் இருக்கிறது. வெண்நாவல் மரத்தடியில் இருந்த இறைவன்மீது சருகு விழாதபடி ஒரு சிலந்தி தன் நூலால் பந்தல் நெய்தது என்றும், துதிக்கையில் காவிரி நீர் கொணர்ந்து நீராட்டிய யானை அந்தப் பந்தலை அசுத்தமென்று கருதி நாள்தோறும் கலைத்தது என்றும், சினந்த சிலந்தி துதிக்கைக்குள் புக இரண்டும் மாண்டன என்றும், மறுபிறவியில் அந்தச் சிலந்தியே கோச்செங்கட்சோழனாகப் பிறந்து யானை புகமுடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்றும் அந்த வரலாறு கூறுகிறது. நீர்த்தொண்டும் நூல்தொண்டும் ஒன்றையொன்று அழித்த அந்தக் கதையில் நீர் நூலைக் கலைத்தது. இன்றைய காவிரிப் படுகையிலோ நூல்தான் நீரைக் கலைக்கிறது.

மேட்டூரிலிருந்து இறங்கும் காவிரி முதலில் பவானி, குமாரபாளையம், ஈரோடு, பள்ளிபாளையம் ஆகிய நெசவு, சாயமிடும் ஊர்களின் ஓரமாக வருகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து வரும் நொய்யல், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர்கொண்ட ஊரருகே அதில் கலக்கிறது. படுக்கை விரிப்பு, திரைச்சீலை போன்ற வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்பெற்ற கரூரை ஒட்டி வரும் அமராவதி, திருமுக்கூடலூரில் வந்து சேர்கிறது. இவ்வாறு மேற்கு மாவட்டங்களின் ஆடைத் தொழில் முழுவதையும் வடிகாலாக ஏந்தி மாயனூரைக் கடக்கும் ஆறு, முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணையில், காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிந்து தீவை அணைத்துச் செல்கிறது. இந்த இரு ஆறுகளின் மணற்படுகையில் இறக்கப்பட்ட நீர் உறிஞ்சு கிணறுகள், அதாவது மணலின் வழியே வடிந்து வரும் நீரைச் சேர்த்து மேலேற்றும் பெருங்கிணறுகள், திருச்சி மாநகருக்கு மட்டுமின்றி ராமநாதபுரம் மாவட்டம்வரை குடிநீர் தருகின்றன. எங்கோ ஒரு சாயப்பட்டறையில் நடப்பது எங்கோ ஒரு குடத்தில் முடியக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிலப்படம் தேவையில்லை.

உப்பு என்னும் எச்சம்

சாயக்கழிவு என்றதும் சிவப்பும் நீலமுமாக ஓடும் வாய்க்கால்தான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் பருத்திச் சாயமிடலில் நிறத்தைவிடத் தீராத தொல்லை உப்பு. பருத்தித் துணிக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது வினைபுரி சாயம் எனப்படும் வகை; அது பருத்தி இழையின் செல்லுலோசுடன் வேதிப் பிணைப்பு கொள்வதால் துவைத்தாலும் எளிதில் வெளுக்காது. ஆனால் நீரில் தோய்ந்த பருத்தி இழையும், நீரில் கரைந்த சாயத் துகளும் இரண்டுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின்பால் நெருங்கச் செய்யவே சமையல் உப்போ, சோடியம் சல்பேட் என்னும் கிளாபர் உப்போ கொட்டப்படுகிறது. அடர்ந்த நிறமானால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவும் அதற்கு மேலும் உப்பு வேண்டியிருக்கும். கைக்கடக்கமான ஒரு கருநீலப் பனியனுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறு கிராம் உப்பு நிற்கிறது என்று கொள்ளலாம். உப்பு துணியில் தங்குவதில்லை. அதன் வேலை முடிந்ததும் அனைத்தும் நீரோடு வெளியேறுகிறது. இழையில் பிடிக்காமல் போன சாயத்தையும் கழுவிக் களைய வேண்டும். வினைபுரி சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைகூட இவ்வாறு வீணாவதுண்டு. நிறத்தைச் சுண்ணாம்பும் நுண்ணுயிரிகளும் ஓரளவு அகற்றும். கரைந்த உப்பை அகற்ற அவற்றால் இயலாது.

இந்த எளிய வேதியியல்தான் நொய்யலின் வரலாற்றைத் தீர்மானித்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறிப்போனது. நீர் வேண்டிக் காத்திருந்த உழவர்களே அணையைத் திறந்துவிட வேண்டாமென்று மன்றாடும் நிலை வந்தது. தமிழக உழவர் வரலாற்றில் இதற்கு இணையான ஒரு வேண்டுகோளைக் காண்பது அரிது. கிணறுகள் உவர்த்தன, மண் இறுகியது, ஆயக்கட்டு நிலங்கள் தரிசாயின. நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் தொடுத்த வழக்கில், ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்ற நிலைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கெடுக்கள் நீண்டுகொண்டே போக, 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குமேல் ஈட்டித் தரும் ஒரு நகரம் திகைத்து நின்றது.

அந்தத் திகைப்பிலிருந்து பிறந்த ஏற்பாட்டுக்குப் பூஜ்யக் கழிவு வெளியேற்றம் என்று பெயர். பல பட்டறைகளின் கழிவு குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கே நுண்ணுயிரிகள் கரிமக் கழிவை உண்கின்றன. அதன்பின் நுண்சவ்வின் வழியே மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர் சவ்வூடு பரவல் நடக்கிறது. எஞ்சும் அடர்ந்த உவர்நீரைக் கொதிகலன் நீராவியால் சுண்டக் காய்ச்சி உப்பைத் திரும்பப் பெறுகிறார்கள். மீண்ட நீரும் மீண்ட கிளாபர் உப்பும் பட்டறைக்கே போகின்றன. ஒரு தொழில் நகரம் இத்தனை பெரிய அளவில் தன் கழிவுநீரைத் தானே திரும்பக் குடிக்கக் கற்றுக்கொண்டது எளிய சாதனையன்று. அதை மனம் திறந்து பாராட்ட வேண்டும். அதே சமயம், காய்ச்சுவதற்கு விறகும் நிலக்கரியும் எரிகின்றன, பிரித்தெடுக்க முடியாத கலவை உப்பும் சேறும் கிடங்குகளில் குவிகின்றன, இதற்கான செலவு ஒவ்வொரு கிலோ துணியின்மீதும் ஏறுகிறது. அந்தச் செலவை ஏற்க மறுக்கும் வெளிநாட்டு வணிக நிறுவனம் அடுத்த ஆண்டு வேறொரு நாட்டில் கொள்முதல் செய்யும். செலவைத் தவிர்க்க விரும்பும் உள்ளூர்ப் பட்டறை வேறொரு ஆற்றங்கரைக்குப் பெயரும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் உரிமம் பெறாத சாயப்பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடிப்பதும், அவை வேறு கொட்டகைகளில் மீண்டும் முளைப்பதும் தொடர்கதையாக இருப்பதன் காரணம் இதுதான். நொய்யலாவது ஒரு துணையாறு. பள்ளிபாளையத்தின் வாய்க்கால் நேரே காவிரியில் இறங்குகிறது.

மேட்டூரிலிருந்து நிறைய நீர் வரும் மாதங்களில் இந்த உப்பும் நிறமும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகின்றன. வரத்து நின்று, மணலுக்கு நடுவே ஒற்றை ஓடையாக ஆறு சுருங்கும் கோடையில் அதே கழிவின் விகிதம் பெருகுகிறது. ஆற்றின் வெள்ளத்தை நம்பித் தொழில் நடத்துவதைச் சுத்திகரிப்பு என்று எவரும் அழைக்க முடியாது.

அர்கருவின் மெல்லிய துணி

தீவுக்குத் தெற்கே, காவிரியின் தென்கரையில், இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூர், சோழர்களின் பழைய தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்னும் கடல் வணிகக் கையேடு, உள்நாட்டில் உள்ள அர்கரு என்ற இடத்திலிருந்து அவ்விடத்தின் பெயராலேயே வழங்கும் மெல்லிய பருத்தித் துணிகள் ஏற்றுமதியாவதாகக் குறிப்பிடுகிறது. அர்கரு என்பது உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை உறையூரில் நடத்திய அகழாய்வில், செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் அத்தகைய தொட்டிகள் கிடைத்துள்ளன. ஆகவே இந்த ஆற்றின் கரையில் துணிக்கு நிறமேற்றும் தொழில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது.

அந்தப் பழமையைக் கொண்டு, பண்டைய சாயம் மாசற்றது, இன்றைய சாயம் மட்டுமே நஞ்சு என்று முடிவு கட்டுவது சரியாகாது. அவுரியும் சாயவேரும் கடுக்காயும் செடியிலிருந்து வந்தவைதாம். எனினும் அவற்றை இழையில் நிலைநிறுத்தப் படிகாரமும் இரும்பும் வேண்டியிருந்தன, அலசுவதற்கு ஓடும் நீர் ஏராளமாக வேண்டியிருந்தது. வேறுபாடு அளவில்தான் இருக்கிறது. கையால் நூற்ற நூல், கையால் நெய்த துணி, ஒரு குடும்பம் ஆண்டுக்கு வாங்கும் ஓரிரு உடை என்ற வரம்புக்குள் நின்றவரை ஆறு அதைச் செரித்துக்கொண்டது. உலகம் முழுவதும் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5.8 கோடி டன்னாக இருந்த இழை உற்பத்தி 2023இல் 12.4 கோடி டன்னாயிற்று; மக்கள்தொகை அந்தக் காலத்தில் இரட்டிக்கவில்லை, இழை இரட்டித்தது. ஒரு கிலோ பருத்தியை விளைவிக்க உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்ற மதிப்பீட்டை இதோடு சேர்த்துப் பார்த்தால் ஆறுகள் தோற்றது எங்கே என்று விளங்கும்.

உறையூர்ப் பருத்திப் புடவை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அந்த நெசவு உறையூரிலும், காவிரியின் வடகரையில் முசிறி, தொட்டியம் பகுதியைச் சேர்ந்த மணமேட்டிலும் தொடர்கிறது. அதன் வேலைமுறையைக் கிட்ட நின்று பார்த்தால் நிலைத்தன்மை என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதன் பொருள் கைக்கு அகப்படும். நீளவாட்டில் ஓடும் பாவு நூலைத் தெருவில் நீட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து உலர்த்துகிறார்கள். கஞ்சி நூலுக்கு விறைப்புத் தருவதால் தறியில் அறுவது குறைகிறது. முதல் சலவையில் வெறும் சோற்றுக் கஞ்சியாகவே அது கரைந்துபோகிறது. குழித்தறியில் அமர்பவர் தரைமட்டத்தில் இருந்து, குழிக்குள் தொங்கும் கால்களால் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, விழுதுகள் பாவை மேலும் கீழுமாகப் பிரிக்கின்றன. அந்தப் பிளவின் ஊடே ஊடை நூலைச் சுமந்த நாடா பாய்கிறது. அச்சு அதை நெருக்குகிறது. மின்சாரமோ எரிபொருளோ தறிக்கு வேண்டியதில்லை. தறிக்கு வேண்டியது ஒரு மனிதரின் நாள் முழுவதும், அவருக்குத் தார் சுற்றித் தரும் வீட்டுப் பெண்களின் பாதி நாளும்.

இந்த நாளுக்குக் கிடைக்கும் கூலிதான் கைத்தறியின் உயிர்நிலை. இந்திய அரசின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, 2019–20இல், கைத்தறித் தொழிலாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுவதாகக் காட்டியது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், கூட்டுறவுச் சங்கங்கள், சில வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்வதைத் தடுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை இல்லாதிருந்தால் தறிகள் இன்னும் முன்னரே நின்றிருக்கும். ஆயினும் அவற்றால் அடுத்த தலைமுறையைத் தறிக்குழியில் அமர்த்த முடியவில்லை. சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்ற உடை என்று நகரத்தார் கைத்தறியைப் போற்றும்போது, அந்தத் தீங்கின்மையின் செலவை நெய்தவரின் வயிறு ஏற்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது பெரும் பிழை. திருவானைக்காவலின் ஐந்தாம் சுற்று மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். இறைவன் சித்தராக வந்து மதிற்பணி செய்தவர்களுக்குத் திருநீற்றைக் கூலியாகத் தந்தார் என்றும், அது அவரவர் உழைப்புக்கு ஏற்ற பொன்னாக மாறியது என்றும் சொல்லப்படுகிறது. உழைப்பின் அளவுக்குச் சரியாகக் கூலி அமைவதை ஓர் அற்புதமாகவே சொல்ல வேண்டியிருந்த சமூகத்தில் நெசவாளரின் நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

திருச்சி மாவட்டத்தின் மறுமுனையில், மணப்பாறையை அடுத்த புத்தாநத்தம், தையல் இயந்திரங்களின் ஊராக வளர்ந்திருக்கிறது. நைட்டி போன்ற ஆயத்த ஆடைகளைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் அந்த ஊருக்குத் துணி வெளியிலிருந்து வருகிறது. நீர்ச்செலவும் சாயமும் அந்தத் துணி நெய்யப்பட்ட ஊர்களின் கணக்கில் நிற்கின்றன.

துணியின் மறுவாழ்வு

துணி உண்டான விதத்தைப் போலவே அது எத்தனை நாள் உழைத்தது என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஓர் உடையை இரு மடங்கு காலம் உடுத்தினால் அதற்கென இறைத்த நீரும் கொட்டிய உப்பும் ஒரு நாளுக்குப் பாதியாகக் குறைகின்றன; எந்தப் புதுத் தொழில்நுட்பமும் இவ்வளவு மலிவாக இந்தப் பயனைத் தருவதில்லை. இந்தத் தீவின் கோயில் வழக்கங்கள் துணியை நுகர்ந்து எறியும் பொருளாகப் பார்க்கவில்லை. திருவானைக்காவலில் நாள்தோறும் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் அகிலாண்டேசுவரியின் புடவையை உடுத்து, கிரீடமும் மாலையும் அணிந்து, மேளதாளத்துடன் சுவாமி சன்னதிக்குச் சென்று வழிபட்டு, பசுவுக்கும் பூசை செய்து திரும்புகிறார். ஒரு புடவை அந்த ஒரு நாழிகைக்கு ஆணை அம்மையாக்குகிறது. ஸ்ரீரங்கத்தில் கைசிக ஏகாதசி இரவில் உற்சவரான நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றப்படுகின்றன. ஆண்டின் எந்த நாளிலாவது சாற்றுவதில் குறை நேர்ந்திருந்தால் அது அன்று நிறைவு பெறுகிறது என்பது நம்பிக்கை. ஆண்டுக்கு இத்தனை என்று துணியை எண்ணி வைக்கும் மனப்பான்மை அதில் இருக்கிறது.

சலவையின் பெருமையைச் சொல்லும் கதையும் இவ்வூருடையதே. வைணவ மரபு வண்ணாரை ஈரங்கொல்லி என்று குறிக்கிறது. ஈரத்தைக் கொல்பவர், அதாவது துவைத்து உலர்த்துபவர் என்பது அதன் பொருள். பெருமாளின் ஆடைகளை மிக அழகாக வெளுத்து மடித்துக் கொண்டுவந்த ஈரங்கொல்லியை ராமானுசர் கைப்பிடித்துச் சன்னதிக்கு அழைத்துச் சென்று காட்ட, மகிழ்ந்த அரங்கன், முன்னொரு காலத்தில் கண்ணனுக்கு ஆடை தர மறுத்த மதுரா நகரத்து வண்ணானின் குற்றத்தையும் அன்றே பொறுத்தருளினான் என்பர். உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு, இழை நையாமல் அழுக்கு நீக்கிய அந்தத் தொழிலறிவால்தான் துணிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. அதைச் செய்தவர்களுக்குச் சமூகம் அளித்த இடமோ தாழ்ந்தது. அறிவைப் போற்றும்போது அந்த அநீதியையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வீடுகளிலும் துணிக்குப் பல பிறவிகள் இருந்தன. நைந்த நூல்புடவை குழந்தைக்குத் தூளியாயிற்று; தூளி கிழிந்தால் பிறந்த சிசுவுக்கு விரிக்கும் பழந்துணியாயிற்று; பின்னர் கைப்பிடித் துணி, கரித்துணி. பழைய வேட்டியின் நுனியைக் கிழித்துத் தொடையில் வைத்து உருட்டினால் விளக்குத் திரி. பருத்தி, எண்ணெயை உறிஞ்சி மேலேற்றிச் சாம்பலாக எரிந்து தீரும். பாலியெஸ்டர் துணியில் திரி செய்ய முடியாது. அது நின்று எரியாமல் உருகிச் சொட்டும். வியர்வையை உறிஞ்சாததால் தூளிக்கும் பழந்துணிக்கும் அது உதவாது. 2023இல் உலகில் உற்பத்தியான இழையில் 57 விழுக்காடு பெட்ரோலியத்திலிருந்து வந்த பாலியெஸ்டர் என்பதையும், பருத்தி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்பதையும் வைத்துப் பார்த்தால், திரியாக முடியும் துணியின் குலம் அருகி வருவது தெரியும். துவைக்கும்தோறும் பாலியெஸ்டரிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் சாக்கடை வழியே ஆற்றை அடைகின்றன. பருத்தித் தூசைப் போல அவை எளிதில் மக்குவதில்லை.

தொழில் அளவிலும் மறுவாழ்வு நடக்கவே செய்கிறது. திருப்பூர் வெட்டு மேசைகளில் விழும் பனியன் துணுக்குகளை நிறம் நிறமாகத் தரம் பிரித்து, இயந்திரத்தில் கிழித்து மீண்டும் பஞ்சாக்கி, கோவை, திருப்பூர் வட்டாரத்தின் ஓ.இ. எனப்படும் திறந்தமுனை நூற்பு மில்கள் நூலாக்குகின்றன. நிறம் பிரித்தே கிழிப்பதால் அந்த நூலுக்குப் பெரும்பாலும் மறுபடி சாயம் வேண்டியதில்லை. உப்புக் கணக்கில் இது பெரிய ஆதாயம். விளம்பரமின்றி நடந்துவரும் இந்தத் தொழிலுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, விற்காமல் தேங்கிய உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதை 2026 ஜூலை முதல் தடை செய்யும் விதியை 2024இல் இயற்றியது. உடுத்தப்படாத புத்தாடையை எரிப்பதற்குத் தடைச்சட்டம் தேவைப்பட்டது என்பதே உற்பத்தி எவ்வளவு மிஞ்சிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

தீவின் தென்கரையில் உள்ள அம்மா மண்டபத்தில் நீத்தார் கடன் செய்து முழுகி எழுபவர்கள், உடுத்திருந்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அது நூல்வேட்டியாக இருந்தவரை மணலில் புதைந்து மக்கிற்று; இப்போது பெரும்பாலும் கலப்பு இழைத் துணியாக இருப்பதால் படித்துறைப் படிகளிலும் நாணல்களிலும் சுற்றிக்கொண்டு கிடக்கிறது, துப்புரவுப் பணியாளர்கள் இடுப்பளவு நீரில் நின்று இழுத்து அகற்ற வேண்டியிருக்கிறது. அதே மண்டபத்துக்கு ஆடிப்பெருக்கை ஒட்டி நம்பெருமாள் எழுந்தருளி, காவிரித் தாய்க்குச் சீர் வழங்குகிறார். பட்டுப் புடவையும் மாலையும் மஞ்சள் குங்குமமும் வெற்றிலை பாக்கும் யானைமீது கொண்டுவரப்பட்டு ஆற்றில் விடப்படுகின்றன. அந்தப் புடவையை ஏந்திச் செல்லும் நீர், சில நாட்களுக்கு முன் பள்ளிபாளையத்தின் ஓரத்தையும் நொய்யலும் அமராவதியும் கலக்கும் முகங்களையும் கடந்து வந்தது. இனி அது கல்லணைக்குச் சென்று, அங்கே பிரிந்து, தஞ்சையின் குறுவை வயல்களுக்குப் பாயும்.